வெறுமைக்கு இட்ட முத்திரை

போன வாரம் கொழும்பு அலுவலகத்திலிருந்து கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பிய பிள்ளையை எனக்குத் தெரியாது. நான் ஓய்வுபெற்ற பிறகு சேர்ந்தவராம். "அங்கிள், பழைய புரோகிராம்ல நீங்க எழுதின ஒரு வரி இருக்கு. ஒரு குறிப்பிட்ட ஹேஷ் வந்தா எல்லாத்தையும் நிப்பாட்டச் சொல்லுது. இத்தன வருசமா அது ஒரு தடவகூட வரல்ல. எடுத்துரவா?" என்று கேட்டிருந்தார். எடுக்க வேண்டாம் என்று பதில் போட்டேன். ஏன் என்று உடனே கேட்டார். அதைக் கட்டைவிரலால் தட்டி விளங்கப்படுத்தும் பொறுமை எனக்கு இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் வாசிப்பாரோ மாட்டாரோ, வீட்டில் எனக்கு நேரம் நிறையவே இருக்கிறது.

என் வாப்பாவுக்கு மாத்தளைக் கடைத்தெருவில் சரக்குக்கடை. மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்பவர். மகன் கடையில் உட்காருவான் என்று நம்பியிருந்தார். நானோ கண்டிக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து நின்றேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு டிப்ளோமா, கொஞ்ச நாள் பிரிண்டருக்கு மை நிரப்பும் வேலை, அப்புறம் கொழும்புக் கம்பனி ஒன்றில் இடம். ஹோட்டல்களில் மாட்டியிருக்கும் காவல் கமராக்கள் பதியும் படங்களைச் சேமித்து வைப்பதற்கான மென்பொருளை அந்தக் கம்பனி செய்து விற்றது. தம்புள்ளை, சீகிரியாப் பக்கம் வாடிக்கையாளர்கள் பெருகியதும், மாத்தளையில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் அறை எடுத்து எங்களில் சிலரை உட்கார வைத்தார்கள். ஒருவர் கட்டாருக்குப் போனார், ஒருவர் கனடாவுக்குப் போனார், இன்னொருவரைக் கொழும்புக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். கடைசியில் காலி நாற்காலிகளும் நானும் மிஞ்சினோம். அந்த நாற்காலிகளை யாரும் வந்து எடுக்கவுமில்லை.

என் வேலையை விளங்காதவர்களுக்குச் சொல்ல நான் எப்போதும் மிளகாய் மில்லைத்தான் இழுப்பேன். கணினிக் கோப்பு ஒன்றை, அது படமோ கடிதமோ எதுவானாலும், ஹேஷ் என்கிற கணக்குக்குள் போட்டால் அறுபத்துநான்கு எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி வெளியே வரும். அரைத்த தூளிலிருந்து மறுபடி மிளகாயை எடுக்க முடியாத மாதிரி, அந்த வரியிலிருந்து படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் அதே கோப்பைப் போட்டால் எப்போதும் அதே வரிதான் வரும். படத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் வரி முழுக்கத் தலைகீழாக மாறிவிடும். ஆகவே படம் பதிவான அன்றைக்கே வரியை எடுத்துக் கொழும்பில் வைத்துவிடுவோம். அதற்கு எங்களிடையே முத்திரை என்று பெயர். பிறகு எப்போதாவது அந்தப் படத்தைக் கேட்டு யாராவது வந்தால், மறுபடி வரியை எடுத்துப் பழையதோடு ஒப்பிடுவோம். இரண்டும் ஒன்றானால் யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தம்.

கணக்கை நாங்கள் எழுதவில்லை. அதை உலகத்தில் பெரிய மூளைக்காரர்கள் எழுதி, பலர் உடைத்துப் பார்த்துச் சரிகண்டு, லைப்ரரி என்ற பெயரில் எல்லோரும் பாவிக்க வைத்திருக்கிறார்கள். எங்கள் பங்கு அதைக் கூப்பிடுவது, கோப்பைத் துண்டு துண்டாக ஊட்டுவது, முடிந்ததும் விடையைக் கேட்டு வாங்குவது. மூன்றே வரி வேலை. மூன்று வரியில் என்ன பிழை வந்துவிடப் போகிறது என்று எல்லோரும் நினைத்தோம்.

எனக்கு மேலதிகாரி பத்மினி மிஸ். கொழும்பில் இருந்தார். கடைசிவரை நான் அவரை நேரில் கண்டதில்லை. என்னைவிட வயதில் இளையவர் என்று குரலில் தெரியும். பதவியில் பெரியவர் என்றாலும் அண்ணன் முறை வைத்து "நஸீர் நானா" என்றுதான் கூப்பிடுவார். அவர் போட்ட ஒரு சட்டம் இருந்தது. முத்திரைகளை ஒப்பிடும்போது கணினித் திரையில் சரி என்று பச்சை விழுந்தால் மட்டும் போதாது. நான் மாத்தளையில் இருந்து வரியை வாய்விட்டு வாசிக்க வேண்டும், அவர் கொழும்பில் தன்னிடம் உள்ளதைப் பார்த்துக்கொண்டு கேட்க வேண்டும். பிறகு அவர் வாசிப்பார், நான் பார்ப்பேன். நான்கு நான்கு எழுத்தாக, முழு வரியும். முதலையும் கடைசியையும் மட்டும் பார்த்துவிட்டுச் சரி சொல்லும் சோம்பேறித்தனத்துக்கு இடமில்லை. பச்சை விழுந்த பிறகு இது எதற்கு மிஸ் என்று ஆரம்பத்தில் ஒரு நாள் முணுமுணுத்தேன்.

"பச்ச காட்டுறதும் அதே மெஷின்தானே நானா. அதுக்குப் பைத்தியம் புடிச்சா அதுவே எப்படி நமக்குச் சொல்லும்?" என்றார்.

காலையில் முதல் வேலை இதுதான். முந்தைய நாள் படங்களை மொத்தமாகக் கட்டி வைத்த சேமிப்புப் பொதிகளுக்கும் இதே வாசிப்பு. அவருடைய அலுவலகம் கடற்கரை ரயில்பாதைக்குப் பக்கத்தில். ரயில் வந்தால் நடுவில் நிறுத்திக்கொள்வார். சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரமாட்டார், அந்த நான்கையும் முதலிலிருந்து சொல்வார். என் பக்கம் வாசிப்பு நீண்டு லுஹருக்குப் பாங்கு கேட்டால் நான் எதுவும் சொல்லாமலே "தொழுதிட்டு வாங்க நானா, நான் இருக்கேன்" என்பார். குடும்பம் பற்றி விசாரிக்கமாட்டார், தன்னைப் பற்றியும் சொல்லமாட்டார். குரலை உயர்த்தி ஒரு நாளும் பேசியதில்லை. ஒரு விஷயம் தெரியாவிட்டால் "தெரியாது" என்று அவ்வளவு சாதாரணமாகச் சொல்கிற அதிகாரியை நான் வேறெங்கும் காணவில்லை. நம் ஊரில் அதிகாரிகளுக்கு அந்தச் சொல் தொண்டையில் முள்ளாகச் சிக்கும்.

என் மனைவி பௌசியா மௌத்தாகி, அடக்கம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய வாரம், என் முறை வந்தபோதும் அவரே வாசித்தார். நான் "ம்" மட்டும் சொன்னால் போதுமாக இருந்தது. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மகள் கட்டாரில் புருஷனோடு இருக்கிறாள், வெள்ளிக்கிழமை பேசுவாள். மற்ற நாட்களில் பல தடவை நான் கேட்ட ஒரே மனிதக் குரல் பத்மினி மிஸ்ஸுடையதுதான். அது எண்களையும் எழுத்துகளையும் மட்டும் சொன்னது என்றாலும் அதற்காகவே நான் காலையில் நேரத்தோடு படியேறுவேன்.

ஸ்டெல்லாவின் விஷயம் வந்தது அந்தக் காலத்தில்தான்.

சீகிரியாவில் ஒரு ஹோட்டல். அங்கே அறைகளைச் சுத்தம் செய்யும் பெண் ஸ்டெல்லா. எல்கடுவத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள், மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போய் வருபவள். வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவரின் தங்கச் சங்கிலி அறையிலிருந்து காணாமல் போய்விட்டது. நடைபாதைக் கமராவின் படத்தில், அந்த மணித்தியாலத்தில் அறைக்குள் போய் வருவது ஸ்டெல்லா மட்டும். தான் வெளியே வந்த பிறகு இன்னொருவர் உள்ளே போனதைக் கண்டதாக அவள் சொன்னாள். அந்த ஆள் படத்தில் இல்லை. ஒன்றில் அவள் பொய் சொல்கிறாள், அல்லது படத்தில் கொஞ்சம் வெட்டப்பட்டிருக்கிறது. ரெக்கோடரில் பழையது அழிந்து அதன்மேல் புதியது பதிந்துவிட்டதால், ஹோட்டலிலேயே வைத்திருந்த எங்கள் சேமிப்புக் கணினியிலுள்ள ஒரு பிரதிதான் மிச்சம். அதை ஹோட்டல் ஆட்களும் திறக்கக்கூடியதாக இருந்தது. விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்கள். களவு என்று முடிவானால் வேலை போகும், பொலிஸுக்கும் போகும், அந்த வட்டாரத்தில் எந்த ஹோட்டலும் அவளை வாசலுக்குள் விடாது.

பிரதியை எடுத்துவர நானே பஸ்ஸில் சீகிரியாவுக்குப் போனேன். முகாமையாளரின் அறைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அவள் உட்கார்ந்திருந்தாள். யூனிஃபோர்மைக் கழற்றி வாங்கிவிட்டார்கள் போல, சொந்த உடுப்பில் இருந்தாள். உள்ளே போகிறவர் வருகிறவர் எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். நான் வேலை முடித்து வெளியே வந்தபோது எழுந்து நின்றாள்.

"சேர், கமரா கம்பனியில இருந்து வந்தவங்க நீங்கதானுங்களா?"

ஆமாம் என்றேன்.

"அந்தப் படத்த யாராச்சும் வெட்டியிருந்தா ஒங்க மெசினுக்குத் தெரியுங்களா?"

"கட்டாயம் தெரியும்மா. ஒரு புள்ளிய மாத்தினாலும் தெரியும்" என்றேன்.

"அப்ப சரிங்க சேர்" என்று சொல்லி, பாரம் இறங்கிய மாதிரி மறுபடி உட்கார்ந்தாள். கள்ளி என்றால் இந்தப் பதிலுக்கு முகம் வாட வேண்டாமா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஆனாலும் முகத்தை வைத்து முடிவு சொல்வது என் வேலை இல்லை.

மறுநாள் காலை படத்தின் வரியை எடுத்தேன். கொழும்பிலிருந்த பழைய முத்திரையோடு ஒப்பிட்டதும் திரையில் பச்சை விழுந்தது. எனக்கு மனம் கனத்துவிட்டது. ஹோட்டலின் பாதுகாப்பு அதிகாரிக்கும் அவர் திரையில் அந்தப் பச்சை தெரியும். அவர் ஏற்கெனவே எனக்குப் போன் எடுத்து, "பாத்தீங்களா, வெட்டல்ல. முத்திர சரின்னு கடிதத்த அனுப்புங்க, நாளைக்கு விசாரணைய முடிச்சிருவோம்" என்று சந்தோஷமாகச் சொன்னார். கடிதத்துக்கு முன் வாசிப்பு பாக்கி இருந்தது. பத்மினி மிஸ்ஸை அழைத்தேன்.

"சொல்லுங்க நானா."

"ஈ, மூணு, பீ, சைபர்" என்று ஆரம்பித்தேன். "சீ, நாலு, நாலு, ரெண்டு. ஒம்பது, எட்டு, எஃப், சீ." என் நினைப்பெல்லாம் அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தது. கண் திரையை விட்டு ஜன்னலுக்குப் போய்விட்டது. கீழே தெருவில் ஒரு லொறி பின்னால் எடுக்க முடியாமல் மறித்துக்கொண்டு நின்றது. "ஒண்ணு, சீ, ஒண்ணு, நாலு. ஒம்பது, ஏ, எஃப், பீ."

அங்கே நிறுத்தினேன்.

"நானா?"

"மிஸ், கடைசியா நான் சொன்னது ஒங்ககிட்டயும் அப்படித்தான் இருக்கா? ஒம்பது, ஏ, எஃப், பீ?"

"அப்படித்தான் இருக்கு. ஏன்?"

"நான் திரையப் பாக்கல்ல மிஸ். லொறியப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் வரி வேறு வேறு. அதை மனப்பாடமாகச் சொல்ல எந்த மனிதனாலும் முடியாது, அதே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்திருந்தால் தவிர. அந்த மாதத்தில் வேறு சில ஹோட்டல்களும் படம் கேட்டிருந்தன. ஒன்றில் யாரோ ஒருவரின் வேனில் கீறல், ஒன்றில் நீச்சல் குளத்தருகே ஒருவர் வழுக்கி விழுந்தது. எல்லாவற்றுக்கும் பச்சை விழுந்தது, எல்லாவற்றையும் வாசித்தோம். கண்ணுக்கு எல்லா வரியும் ஒரே குழப்பமாகத்தான் தெரியும். என் நாக்கு மட்டும் எனக்குச் சொல்லாமல் பாடமாக்கி வைத்திருந்தது.

பத்மினி மிஸ் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. எந்தக் கோப்பையும் ஊட்டாமல், லைப்ரரியைக் கூப்பிட்டு வெறுமனே விடையை மட்டும் கேட்டிருக்கிறார். வந்ததை மெதுவாக வாசித்தார். "ஈ, மூணு, பீ, சைபர்..." ஒன்றுமில்லாததற்கும் ஒரு ஹேஷ் உண்டு. உலகம் முழுக்க அது ஒன்றுதான்.

"நானா, நாம வெறுமைக்கு முத்திரை வச்சிக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார்.

பிழையைக் கண்டுபிடிப்பது அதற்குப் பிறகு பெரிய வேலையாக இருக்கவில்லை. எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பை எழுதியவர்கள், கோப்பைத் திறந்து முதலில் பிரதி எடுத்துவிட்டு, திறந்த அதே கோப்பை ஹேஷுக்குக் கொடுத்திருந்தார்கள். கோப்பை வாசிப்பது பழைய கசெட் மாதிரி. ஒருவர் கடைசிவரை ஓடவிட்டால் அடுத்தவர் பின்னால் சுற்றிவிட்டுத்தான் கேட்க வேண்டும். யாரும் சுற்றவில்லை. ஹேஷுக்குப் போனது ஒன்றுமில்லை. லைப்ரரியும் முறைப்பாடு செய்யவில்லை. கொடுத்ததற்கு விடை சொல்வதுதான் அதன் வேலை. சேமிக்கும்போதும் வெறுமை, ஒப்பிடும்போதும் வெறுமை என்றால் பச்சை விழாமல் என்ன செய்யும். காலையில் நாங்கள் வாசித்த பொதிகள் பழைய நிரலில் ஓடியதால் அவற்றின் வரிகள் சரியாகவே, வேறு வேறாகவே வந்துகொண்டிருந்தன.

முதலாளிக்குச் சொன்னோம். மூவரும் ஒரே அழைப்பில் இருந்தோம். அவர் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் வியாபாரி.

"மென்பொருள்னா பிழை வரும். திருத்திட்டுப் போவோம். ஹோட்டலுக்கு எதுக்குச் சொல்லணும்? அந்தப் படத்துக்கு இப்ப சரியா ஒரு ஹேஷ் எடுத்துக் குடுங்க" என்றார்.

"இப்ப எடுத்தா இப்ப இருக்கிற படத்துக்குத்தான் சேர் அது முத்திர. அன்னைக்கு இருந்த படத்துக்கு இல்ல" என்றார் பத்மினி மிஸ். வழக்கமான அதே குரல்.

"அந்தப் பொம்பள களவெடுக்கல்லன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சேர்."

"படத்த வெட்டியிருக்காங்கன்னு தெரியுமா?"

"அதுவும் தெரியாது."

"அப்ப என்னத்தத்தான் எழுதப் போறீங்க?"

"தெரியாதுன்னு எழுதப் போறேன்."

முதலாளி அழைப்பைத் துண்டித்துவிட்டார். பத்மினி மிஸ் ஹோட்டலுக்குக் கடிதத்தை அன்று பின்னேரமே அனுப்பினார். இந்தப் படம் பதிவான நிலையிலேயே இருக்கிறதா, வெட்டப்பட்டிருக்கிறதா என்று எங்களால் சொல்ல முடியாது, எங்கள் முத்திரை பழுதானது, அதை எதற்கும் ஆதாரமாகக் கொள்ள வேண்டாம் என்று நேராக எழுதினார். மற்ற ஹோட்டல்களுக்கும் எழுதினார். விசாரணை கைவிடப்பட்டதாகச் செய்தி வந்தது. சங்கிலி கிடைக்கவில்லை, யார் மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை. ஸ்டெல்லாவைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள், அறைகளுக்கு விடாமல் துணி துவைக்கும் பகுதிக்கு.

கம்பனியை விட்டுச் சில வாடிக்கையாளர்கள் போனார்கள். சில நாள் கழித்து ஒரு காலை, வாசிப்பு முடிந்து, வழக்கம்போல "சரி" என்று சொன்ன பத்மினி மிஸ் போனை வைக்கவில்லை.

"நானா, நாளையிலேருந்து ஒங்க கோல வேற ஆள் எடுப்பாங்க."

விலகச் சொன்னார்களா, அவரே விலகினாரா என்று நான் கேட்கவில்லை. பின்னால் ரயில் போனது. பிறகு நான் சொன்னது "சரி மிஸ்" மட்டும்தான். வைத்த பிறகு அந்த மேல்மாடியில் தனியாக உட்கார்ந்து அழுதேன். பௌசியாவுக்குப் பிறகு நான் அழுதது அன்றைக்குத்தான்.

அடுத்து வந்தவர் இளைஞர், மரியாதையானவர். "நானா, கோல் எடுக்கத் தேவையில்ல, மெஷினே பாத்துக்கும்" என்றார். பிழையைத் திருத்தியிருந்தார்கள். வெறுமையின் ஹேஷ் வந்தால் நிறுத்து என்ற வரியை நான் சேர்த்தேன், அதற்கு அனுமதி தந்தார்கள். அதன் பிறகு ஓய்வுபெறும்வரை என் காலைகளில் யாரும் வாசிக்கவில்லை. எந்தத் தப்பும் நடக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஸ்டெல்லா ஒரு நாள் என்னைத் தேடி அறைக்கே வந்தாள். ஹோட்டலை விட்டுவிட்டு, பையும் கையுமாக எல்கடுவவுக்குப் போகிற வழி. காலி நாற்காலிகளில் ஒன்றில் உட்காரச் சொன்னேன். பல வருடங்களுக்குப் பிறகு அதில் ஒரு ஆள் உட்கார்ந்தது.

"லோண்டரியிலயும் என்னைய வேற மாதிரிதான் பாத்தாங்க சேர். துணிய உதறி உதறிப் பாத்துட்டுத்தான் கையில குடுப்பாங்க. நான் எடுக்கல்லன்னு ஒரு கடுதாசி நீங்க எழுதித் தரலாங்களா? வேற எடத்துல காட்டுறதுக்கு."

"அத என்னால எழுத முடியாதும்மா. எனக்குத் தெரிஞ்சது படத்தப் பத்தி மட்டும்தான். அதுவும் தெரியாதுன்னுதான் எழுதினோம்."

அவள் கோபப்படவில்லை. கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"அது சரிங்க சேர். அங்க மனேஜர்லேருந்து கிச்சன்ல வேல செய்யிறவங்க வரைக்கும் எல்லாருக்கும் தெரியும்னாங்க. நான் எடுத்தேன்னு தெரியுமாம். தெரியாதுன்னு சொன்னவங்க நீங்க ரெண்டு பேருதான். அந்தக் கடுதாசிய எழுதினது ஒரு மிஸ்ஸுன்னு சொன்னாங்க?"

"ஆமா. பத்மினி மிஸ்."

"அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் சேர். அவங்க தெரியாதுன்னு எழுதினாங்கல்ல, அவங்களுக்குத் தெரியணும். நான் எடுக்கல்ல. வேற யாருக்கும் இனி நான் சொல்லமாட்டேன். அவங்களுக்கு மட்டும் சொல்லிடுங்க."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். படியிறங்கிப் போய்விட்டாள். ஜன்னலால் பார்த்தேன், பஸ் நிலையத்துப் பக்கம் திரும்பும்வரை தெரிந்தாள். எனக்கு அவள் சொன்னதில் சந்தேகமே இருக்கவில்லை.

ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? என் கைப்பேசியில் பத்மினி மிஸ் "ஒபிஸ்" என்ற பெயரில்தான் இருந்தார். அந்த எண்ணை இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள். அலுவலகத்தில் விசாரித்தேன், வெளிநாடு போய்விட்டதாக ஒருவர் சொன்னார், மட்டக்களப்பில் இருப்பதாக இன்னொருவர் சொன்னார். இணையத்தில் அந்தப் பெயரில் ஏராளமானவர்கள், எல்லோருக்கும் முகம் இருக்கிறது. எனக்குத் தெரிந்ததோ குரல் மட்டும். அந்தக் குரலை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பேன், ஆனால் எந்தக் கூட்டத்துக்குப் போக? வருடங்கள் ஓடிவிட்டன. வாக்குக் கொடுத்தவன் நான், அதை வயிற்றில் வைத்துக்கொண்டு மௌத்தாக எனக்கு விருப்பமில்லை.

அந்தப் பிள்ளைக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன் என்றுதான் ஆரம்பித்தேன். உண்மையில் இது உங்களுக்குத்தான். எங்கே இருந்தாலும் இது உங்கள் கண்ணில் படட்டும். மிஸ், ஸ்டெல்லா அந்தச் சங்கிலியை எடுக்கவில்லை.